பலகையிலிருந்து பூச்சாடி: ஸ்க்ரோல் சா கேள்வி–பதில்

ஸ்க்ரோல் சா, அதாவது மெல்லிய ரம்பம் மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் மேசை இயந்திரத்தில், மரப் பூச்சாடி செய்வது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். அளவுகள் மி.மீட்டரில் இருக்கும். பட்டறைப் பழக்கத்தில் நினைப்பவர்கள் 19 மி.மீ. என்பதை ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

என்னிடம் இருப்பது 16 அங்குல ஸ்க்ரோல் சா. இரண்டு அங்குலக் கனத்துக்கு மேல் அறுக்காது. எட்டு அங்குல உயரத்தில் ஒரு சாடி செய்ய ஆசை. கடைசல் இயந்திரம் இல்லாமல் முடியுமா?
— வாசகர், சேலம்

முடியும். கட்டையைக் குடைந்து சாடி எடுக்கும் வேலை இல்லை இது. பலகையை வளையம் வளையமாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உயரம் ஏற்றுகிறோம். சூட்சுமம் மேசையின் சாய்வில் இருக்கிறது. சாய்த்து அறுத்த வளையத்துக்கு மேல் முகம் அகலமாகவும் அடி முகம் குறுகலாகவும் அமையும். முதல் வளையத்தின் அடி முகமும் அடுத்த வளையத்தின் மேல் முகமும் ஒரே அளவாக இருந்தால், ஒரே பலகையில் வெட்டிய வளையங்கள் இறங்கு வரிசையில் சரியாகப் பொருந்தி ஒரு புனல் வடிவம் வரும். இரண்டு புனல்களை வாயோடு வாய் வைத்து ஒட்டினால் வயிறு பெருத்த சாடி.

கோணத்துக்குக் கணக்கு இருக்கிறது. வளையச் சுவரின் கனத்தோடு ரம்பம் தின்னும் இடத்தைக் கூட்டி, அதைப் பலகையின் கனத்தால் வகுத்தால் வருவது கோணத்தின் டேன்ஜன்ட். பலகை 19, சுவர் 8, ரம்பம் தின்பது அரை மி.மீ. என்றால் 8.5 வகுத்தல் 19. கோணம் 24 பாகை. அதே பலகையில் சுவரை 6 மி.மீ. ஆக்கினால் 19 பாகை போதும், சாடி இன்னும் நெட்டையாக எழும்பும். ஆனால் தேய்த்து முடித்த பிறகு அந்தச் சுவர் நாலு மி.மீ.க்கு வந்து நிற்கும். முதல் சாடிக்கு 8-ஐ விட்டு இறங்க வேண்டாம்.

உங்களுக்குத் தோதான ஒரு திட்டம் இது. 160 மி.மீ. சதுரத்தில் 19 மி.மீ. பலகை இரண்டு. கழுத்துக்கு 90 மி.மீ. சதுரத்தில் அதே கனத்தில் ஒரு துண்டு. வயிற்றுப் பட்டைக்கு 160 சதுரத்தில் 6 மி.மீ. பலகை ஒன்று, வேறு நிறத்தில் இருந்தால் எடுப்பாக இருக்கும். முதல் பலகையில் 140 மி.மீ. விட்டத்தில் தொடங்கி மூன்று வளையமும், 89 மி.மீ. விட்டமுள்ள அடித்தட்டும் கிடைக்கும். தட்டின் கீழ்முகம் 72 மி.மீ. இருக்கும், சாடி ஆடாமல் நிற்க அது தேவை. இரண்டாம் பலகையில் ஐந்து வளையம்: 140, 123, 106, 89, 72. இவை கவிழ்ந்து மேல் பாதியாகின்றன. கழுத்துத் துண்டில் இன்னொரு 72 மி.மீ. வளையம் வெட்டி, அதைக் கவிழ்க்காமல் அகன்ற முகம் மேலே பார்க்க வைத்தால் விரிந்த உதடு வந்துவிடும். மெல்லிய பலகையில் சாய்க்காமல் நேராக வெட்டிய 140 மி.மீ. வளையம் இரண்டு பாதிக்கும் நடுவில் உட்காரும். அது இல்லாவிட்டால் வயிற்றில் கத்தி முனைபோல ஒரு விளிம்பு நிற்கும்.

மொத்த உயரம் 196 மி.மீ., எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதே சாடியைக் கடைசலில் எடுக்க வேண்டுமானால் தேவைப்படும் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு மரம்தான் இதில் செலவாகிறது.

என்ன மரம் வாங்கலாம்? இடித்த வீட்டின் தேக்கு ஜன்னல் சட்டங்கள் இருக்கின்றன.
— வாசகி, காரைக்குடி

பழைய தேக்கைவிட நல்லது கிடையாது. பல ஆண்டு காய்ந்த மரம், இனி முறுக்காது. அறுக்கும் முன் காந்தத்தை மேலெல்லாம் ஓட்டிப் பாருங்கள். தலை ஒடிந்து உள்ளேயே தங்கிய ஓர் ஆணி போதும், ரம்பம் காலி. சட்டம் அகலம் பத்தாது என்றால் இரண்டு துண்டை விளிம்போடு விளிம்பு ஒட்டி அகலமாக்கலாம். அந்த ஒட்டு வளையத்தில் வரியாகத் தெரியும், அழகுதான். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் ஒட்டும் முகங்களை தின்னரில் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது.

புதிதாக வாங்குவதானால் மகோகனி, வாகை, பலா, பூவரசு எல்லாம் நன்றாக அறுபடும். வெளிர் நிறம் வேண்டுமென்றால் வெட்பாலை. கர்நாடகத்தின் சென்னப்பட்டணத்துப் பொம்மைகள் செய்யும் மரம் அது, இழை மிக நெருக்கமாக இருக்கும். ஈட்டியை வயிற்றுப் பட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சாடியும் ஈட்டியில் என்றால் ரம்பமும் தாங்காது, பர்ஸும் தாங்காது. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், முகக்கவசத்தோடு முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளவும். மில்லில் அப்போதுதான் அறுத்த பச்சை மரத்தை என்ன விலைக்குத் தந்தாலும் தொடாதீர்கள். வட்டமாக வெட்டிய வளையம் ஒரு வாரத்தில் முட்டை வடிவமாகிவிடும்.

வளையம் முழுதாக வருவதற்குள் இரண்டு மூன்று ரம்பம் அறுந்துவிடுகிறது. அறுத்த இடம் கருகியும் போகிறது.
— வாசகர், திருப்பூர்

24 பாகைச் சாய்வில் 19 மி.மீ. பலகை ரம்பத்துக்கு ஏறக்குறைய 21 மி.மீ. கனமாகத்தான் படுகிறது. 2, 3 போன்ற சின்ன எண் ரம்பங்கள் சித்திர வேலைக்கு. அவற்றை இதில் போடக்கூடாது. 7 அல்லது 9 எண், பல் விட்டுப் பல் உள்ள வகை வாங்குங்கள். கீழ்நுனியில் சில பற்கள் தலைகீழாக இருக்கும் வகை என்றால் அடிமுகத்தில் சிராய் எழும்பாது.

இழுவிசையையும் பாருங்கள். மாட்டிய ரம்பத்தை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் ஒரு நூல், சுமார் 3 மி.மீ., அசையலாம். அதற்கு மேல் அசைந்தால் தளர்வு. அறுக்கும்போது வயிறு தள்ளும், உங்கள் கோணம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் போய்விடும். கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் மழுங்கிய பல்லை வைத்துக்கொண்டு மரத்தை அழுத்தித் தள்ளுவதுதான். பார்சல் ஒட்டும் தெளிவான டேப்பை வரைபடத்தின் மேல் ஒட்டி அறுத்தால் கருகல் நன்றாகக் குறையும். ஒரு சாடிக்கு ஐந்தாறு ரம்பம் செலவாவது சகஜம். முதல் ரம்பத்திலேயே முடிக்க நினைத்தால் மிச்சமாகும் ரம்பத்தின் விலையைவிடக் கெடும் பலகையின் விலை அதிகம்.

நுனியில் குறுக்கு ஊசி உள்ள ரம்பம் இந்த வேலைக்கு ஆகாது. அந்த ஊசி நுழைய 5 மி.மீ.க்கு மேல் துளை போட வேண்டும், வளையச் சுவரே 8 மி.மீ.தான்.

அறுத்து எடுத்த வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராமல் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று எதிர்ப்பக்கமாக விழுகின்றன. கோணம் சரியாகத்தான் வைத்தேன்.
— வாசகர், நாகர்கோவில்

கோணம் சரி, சுற்றிய திசை தப்பு. மேசையின் இடப்பக்கம் தாழ்ந்திருந்தால், வட்டத்தின் மையம் எப்போதும் ரம்பத்துக்கு இடப்புறம், அதாவது தாழ்ந்த பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படியென்றால் கோட்டின் மேல் ரம்பம் கடிகாரத் திசையில் நகரும். பலகையை நீங்கள் எதிர்த்திசையில் திருப்புவீர்கள். வெளிவட்டத்திலிருந்து கடைசி வளையம்வரை இதே விதிதான். நடுவில் ஒரே ஒரு வட்டத்தை மாற்றிச் சுற்றினாலும் அந்தப் பலகை வீண்.

நல்ல மரத்தில் கை வைக்கும் முன் கழிவுத் துண்டில் ஒரு சிறு வட்டம் அறுத்துப் பாருங்கள். உள்துண்டு மேல்பக்கமாக எடுக்க வந்து, கீழே தள்ளினால் சிக்கிக்கொண்டால் திசை சரி. இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் பாகை அளவுகோலை நம்பவும் வேண்டாம், மலிவான இயந்திரங்களில் இரண்டு பாகைவரை பிசகு இருக்கும். அதே கழிவுத் துண்டில் ஒரு நேர்கோடு அறுத்து, விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 8.5 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். ஸ்கேல் போதும் இதற்கு. ஒருமுறை பூட்டிய மேசையை, இரண்டு பலகையும் கழுத்துத் துண்டும் அறுத்து முடிக்கும்வரை அசைக்காதீர்கள்.

இன்னொன்று. எல்லா வட்டங்களையும் முன்கூட்டியே காம்பஸில் வரைந்துவிட்டு அறுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கை கோட்டை விட்டு அரை மி.மீ. விலகினால் அந்தப் பிழை அடுத்தடுத்த வளையங்களில் சேர்ந்துகொண்டே போகும். முதல் வளையத்தை அறுத்ததும் அதை மீதிப் பலகையின் மேல் சுற்றிலும் சரிபார்த்து வைத்து, வளையத்தின் உள்விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடிழுங்கள். அதுதான் அடுத்த வெட்டுக்கோடு. வளையம் கோணலாக வந்திருந்தாலும் அடுத்தது அதே கோணலைப் பின்பற்றிப் பொருந்திவிடும்.

உள்வளையம் அறுக்க ரம்பத்தை நுழைக்கும் துளை, சாடியின் வெளிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.
— வாசகி, கும்பகோணம்

துளையை நெட்டாகப் போட்டிருக்கிறீர்கள். துளையும் அதே 24 பாகையில், மேலே கோட்டின் மேல் தொடங்கி அடியில் மையத்தை நோக்கிச் சரிய வேண்டும். ஸ்க்ரோல் சாவிலேயே 24 பாகையில் ஒரு கட்டையை வெட்டி வைத்துக்கொண்டால் அதன் சரிவில் டிரில்லைச் சாய்த்துப் பிடிக்கலாம். பிட் 1.5 முதல் 2 மி.மீ. போதும். வழுக்காமலிருக்க ஆணி நுனியால் முதலில் குத்திவிடுங்கள். இத்தனை சின்ன பிட்டில் தூள் வெளியேற இடம் குறைவு. பாதி இறங்கியதும் எடுத்துத் தூளைத் தட்டிவிட்டு மறுபடி இறக்காவிட்டால் உள்ளேயே ஒடியும்.

மூன்றாவது வளையம் தேய்க்கும்போது இரண்டாக உடைந்தது. மரம் மோசமா?
— வாசகர், தென்காசி

மரத்தில் குற்றமில்லை. எந்த வளையத்திலும் இரண்டு இடம் பலவீனமானது. இழை வடக்கு–தெற்காக ஓடுகிறது என்று வைத்தால், வளையத்தின் வடக்கு முனையிலும் தெற்கு முனையிலும் இழை சுவரைக் குறுக்கே வெட்டிப் போகும். எட்டு மி.மீ. நீளமுள்ள நார்தான் அங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது. கிழக்கையும் மேற்கையும் பிடித்து அழுத்தினாலோ இழுத்தாலோ அங்கே டப்பென்று போகும். நுழைதுளையையும் அந்த முனைகளில் போடாதீர்கள்.

உடைந்ததைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. உடைந்த முகம் பொடியாகாமல் சுத்தமாக இருந்தால் பசை தடவி, சுற்றிலும் டேப் இழுத்து ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மேலும் கீழும் முழு வளையங்கள் ஒட்டியபின் அது எங்கே உடைந்தது என்று உங்களுக்கே தெரியாது. தனி வளையத்தைத் தேய்ப்பதைத்தான் குறைக்க வேண்டும்: ஒட்டும் இரண்டு முகங்களைச் சமப்படுத்துவதோடு நிறுத்துங்கள், பக்கங்களை அடுக்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒட்டும்போது வளையங்கள் வழுக்குகின்றன. உள்ளே பசை வழிந்து காய்ந்து, கழுத்து வழியாகக் கையும் போகவில்லை. சரியான முறையைச் சொல்லுங்கள்.
— வாசகர், புதுக்கோட்டை

இதுதான் இந்த வேலையில் நிதானம் கேட்கும் இடம். அறுவை நன்றாக வந்து ஒட்டுவதில் கெட்ட சாடிகளே அதிகம்.

முதலில் முகங்களைச் சமமாக்குங்கள். கிரானைட் துண்டு அல்லது கனமான கண்ணாடியில் 120 எண் உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளவும். வளையத்தின் முகம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டு, தாளின் மேல் மெதுவாகச் சுழற்றித் தேயுங்கள். கிறுக்கல் எல்லா இடத்திலும் மறைந்தால் முகம் சமம். ஓரிடத்தில் மட்டும் மிஞ்சினால் அங்கே பள்ளம். பிறகு இரண்டு வளையத்தைப் பசையில்லாமல் அடுக்கி, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். ஒளிக்கீற்று தெரியும் இடத்தில் பசை ஒருநாளும் மறைக்காது, பாலிஷ் போட்டதும் கறுப்புக் கோடாக நிற்கும்.

சாடியை ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். கீழ்ப்பாதி தனி: அடித்தட்டு, மூன்று வளையம், மேலே நேர்வளையம். மேல்பாதி தனி: ஐந்து வளையமும் கழுத்தும். இரண்டும் அகன்ற வாய் வழியாகக் கைக்கு எட்டும்போதே உள்பக்கத்தைத் தேய்த்து, உள்பூச்சும் அடித்து முடித்துவிட வேண்டும். ஒட்டவேண்டிய முகத்தில் பூச்சு படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், பூச்சின் மேல் பசை நிற்காது. பாதிகள் சேர்வது கடைசியில்தான்.

பசை, வெள்ளை ஃபெவிகால் வகையே போதும்; ஈரம் படும் சாடிக்கு நீர் தாங்கும் வகை. ஒரு முகத்தில் மட்டும், சுவரின் வெளிப்புறத்துக்கு நெருக்கமாக மெல்லிய கோடாக விட்டு, அட்டைத் துண்டால் பரப்புங்கள். உள்விளிம்பில் 2 மி.மீ. காலியாக இருக்கட்டும். அழுத்தும்போது பசை அங்கே போய் நிற்கும், உள்ளே வழியாது. வைத்ததும் லேசாகத் தேய்த்து அமர்த்தி, ஐந்து நிமிடம் விட்டுப் பிடிப்பு வந்தபின் பாரம் ஏற்றினால் வழுக்காது. அப்போதும் நகர்ந்தால் பசையில் தூள் உப்பு நாலைந்து மணி தூவுங்கள், மரத்தைக் கவ்விக்கொள்ளும். பாரத்துக்கு க்ளாம்ப்தான் வேண்டுமென்பதில்லை; தட்டையான பலகை போட்டு அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றிவைத்தாலும் ஆயிற்று. ஒரே தடவையில் இரண்டு ஒட்டுக்கு மேல் போகாதீர்கள்.

வெளியே பிதுங்கியதை ஈரத்துணியால் துடைக்கும் பழக்கம் கெட்டது. தண்ணீரில் கரைந்த பசை நாரின் துவாரங்களுக்குள் இறங்கி, பாலிஷ் ஏறாத வெளுத்த திட்டாக வரும். இருபது நிமிடம் விட்டால் ரப்பர்போல ஆகும். அப்போது உளியால் சீவினால் சுருளாக வந்துவிடும்.

அடுக்கும்போது எல்லா வளையத்தின் இழையும் ஒரே திசையில் ஓடட்டும். அறுக்கும் முன்பே பலகையில் ஓர் அம்புக்குறி போட்டு, வளையத்துக்கு வளையம் அதைத் தொடருங்கள். மரம் மழைக்காலத்தில் இழைக்குக் குறுக்கே உப்பும், கோடையில் சுருங்கும். இழைகளை மாற்றி வைத்தால் ஒரு வளையம் ஒருபக்கம் இழுக்க, அடுத்தது இன்னொரு பக்கம் இழுக்க, ஒட்டு விரிசல் விடும்.

எவ்வளவு தேய்த்தாலும் படிக்கட்டு மறையவில்லை. எந்த எண் தாளில் தொடங்குவது?
— வாசகி, வேலூர்

220-ல் தொடங்கியிருப்பீர்கள். 80-ல் தொடங்குங்கள். கை டிரில்லில் ஸ்பாஞ்ச் உள்ள வட்டத் தட்டைப் பொருத்தி, சாடியைச் சுற்றிச் சுற்றி வாருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் குழி விழும். ஒட்டுக்கோடுகளின் மேல் பென்சில் வரி போட்டு, வரி மறையும் வரை 80. பிறகு 120, 180, 220. இவற்றைக் கையால், இழையோடு. முன்சொன்ன வடக்கு, தெற்கு முனைகளில் நாரின் வெட்டுமுகம் இருப்பதால் கீறல் அங்கே பிடிவாதமாக நிற்கும். மற்ற இடத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் அங்கே கொடுங்கள்.

கடைசியில் தின்னர் துணியால் ஒருமுறை முழுக்கத் துடைத்து, சாய்வான வெளிச்சத்தில் பார்க்கவும். விட்டுப்போன கீறலும் பசைத் திட்டும் அந்த நேரத்தில் காட்டிக்கொடுக்கும்.

இதில் தண்ணீர் ஊற்றி நிஜப் பூ வைக்கலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

நேரடியாக வேண்டாம். எந்தப் பூச்சு அடித்தாலும் பத்து ஒட்டில் ஏதோ ஒன்றில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். உள்ளே கண்ணாடிக் குழாய் வையுங்கள். மேலே சொன்ன சாடியின் கழுத்து உள்விட்டம் 39 மி.மீ., உள் ஆழம் 177. ஆய்வகச் சாமான் கடையில் கிடைக்கும் 25 மி.மீ. விட்டம், 150 மி.மீ. நீளமுள்ள குழாய் இதற்குப் பொருந்தும். குழாய் ஆடாமல் நிற்க, 35 மி.மீ. உயரக் கட்டை ஒன்றில் 26 மி.மீ. அகலத்தில் 10 மி.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்து, பாதிகளைச் சேர்க்கும் முன்பே அடித்தட்டின் நடுவில் ஒட்டிவிட வேண்டும். குழாயின் வாய் சாடியின் உதட்டுக்கு இரண்டு மி.மீ. கீழே மறைவாக நிற்கும்.

பூச்சு, அரக்குப் பாலிஷ் அழகுதான். ஆனால் தண்ணீர் சொட்டினால் வெள்ளை பூக்கும். பூ வைக்கும் சாடிக்கு பி.யு. (பாலியூரிதேன்) வார்னிஷ் மூன்று கை, ஒவ்வொரு கைக்கும் நடுவே 320 தாளால் லேசாக. காய்ந்த பூ மட்டும் வைப்பதானால் அரக்கே இருக்கட்டும்.

பிளைவுட்டில் செய்யலாமா?
— வாசகர், மதுரை

தாராளமாக. இழை மாறி மாறி ஒட்டியிருப்பதால் வளையம் உடையாது. சாய்ந்த முகத்தில் அடுக்குகள் வரிவரியாகத் தெரிவதும் தனி அழகு. மலிவு பிளைவுட்டின் நடுவில் வெற்றிடங்கள் இருக்கும், அவை சாடியின் வெளிமுகத்தில் ஓட்டையாக எட்டிப் பார்க்கும். மெரைன் தரம் வாங்குங்கள். அதன் பசை ரம்பத்தை மொட்டையாக்கும் என்பதால் ரம்பம் இரண்டு மடங்கு செலவாகும். அந்தத் தூளை மூச்சில் இழுக்கவே கூடாது. என்-95 கவசம் கட்டாயம்.

இயந்திரம் இல்லை, கையால் அறுக்கும் சித்திர ரம்பம்தான் இருக்கிறது.
— பள்ளி மாணவர், ஈரோடு

கையால் 24 பாகையை ஒரு முழு வட்டத்துக்கு ஒரே சீராகப் பிடிக்க முடியாது. நீ சாய்வை விட்டுவிடு. 6 மி.மீ. பிளைவுட்டில் வளையங்களை நேராக அறுத்து, ஒவ்வொன்றின் ஆரத்தையும் முந்தையதைவிட 2 மி.மீ. குறைத்துக்கொண்டே போ. சுவர் மட்டும் 10 மி.மீ. இருக்கட்டும். 15 செ.மீ. உயரத்துக்கு 25 அடுக்கு வரும். படிகளை அரத்தால் முதலில் உடைத்துவிட்டு அப்புறம் உப்புத்தாள். படிகளை அப்படியே விட்டு, விளிம்பை மட்டும் மழுக்கினாலும் சாடி நன்றாகத்தான் இருக்கும்.